அக்காவின் காலுக்கு வாங்கிய பருப்பு

என் அக்காவின் வலது காலில், பெருவிரலுக்கு அடியில், புதுச் செருப்பு கடித்து ஒரு புண் வந்தது. சாதாரணக் காலாக இருந்தால் ஒரு பிளாஸ்டரோடு முடிந்திருக்கும். சர்க்கரை நோய்க்காரியின் கால் என்பதால் முடியவில்லை. கட்டு மாற்ற அவளைக் கைத்தாங்கலாக அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போவதும், புண் அப்படியே இருக்கிறது என்று கேட்டுத் திரும்புவதும் வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள். தமிழ்ப் பெண், என் மகளைவிட இளையவள்.

"அங்கிள், ஓப்பனா சொல்லிடுறேன். இது இப்படியே இருந்தா ஹாஸ்பிட்டலுக்கு எழுதித்தான் ஆகணும். அங்க மொதல்ல விரலை எடுப்பாங்க. அதோட நிக்கலைன்னா காலு வரைக்கும் போகும்."

"மருந்தெல்லாம் தவறாம குடுக்குறேனே."

"மருந்து ஓகே. சுகரும் பரவால்ல. ஆன்ட்டி ஒடம்புல புரோட்டீன் பத்தல. புதுசா சதை வளரணும்னா அமினோ அமிலம் வேணும்லா. செங்கல்லு இல்லாம செவுரு எப்படி எழும்பும்? வெலை ஒசந்த பவுடர் ஒண்ணும் வேணாம். முட்டை, மீனு, பருப்பு, தௌபு, தெம்பே, பசார்ல கெடைக்கிறதே போதும். தெனம் சாப்பிடணும், அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. பணிக்காலம் முழுவதையும் அரசாங்கக் கணக்குத் தணிக்கையில் கழித்தவன் நான். ஒரு மூட்டை அரிசி எந்தப் படிகளைத் தாண்டி ஒரு விடுதிச் சமையலறைக்கு வந்து சேர வேண்டும், எந்தப் படியில் அது அரை மூட்டையாகும், அதை எந்த வாக்கியத்தால் மறைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகு தணிக்கை செய்ய ஒன்றும் கிடைக்காமல் மின்சாரக் கட்டணத்தையும் அடுக்குமாடிப் பராமரிப்புக் குழுவையும் வதைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு கால் கிடைத்தது. இப்படி எழுதுவது நன்றாக இல்லை. ஆனால் அன்றைக்கு என் மனநிலை ஏறக்குறைய அதுதான்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டத்தோ கிராமாட்டில் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். என் மனைவி இறந்ததும், இரண்டு பேரும் தனித்தனியாக ஏன் கிடக்க வேண்டும் என்று சொல்லி அவளை ஜெலுத்தோங்கில் என் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒருவருக்கொருவர் துணை என்று உறவினர்களிடம் சொன்னேன். எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பதைச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

டாக்டர் சொன்ன அன்றே படிக்க ஆரம்பித்தேன். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றைச் சாப்பாட்டில்தான் பெற வேண்டும். இதை நான் குழுக் கூட்டமாகப் புரிந்துகொண்டேன். ஒன்பது உறுப்பினரில் ஒருவர் போதாமல் போனால், மற்ற எட்டுப் பேர் வந்து உட்கார்ந்திருந்தாலும் தீர்மானம் நிறைவேறாது. அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் அது நிறைய உண்டு, மெத்தியோனின்தான் குறைவு. தனித்தனியே இரண்டும் அரைகுறை. சோற்றில் பருப்பைப் பிசைந்தால் கூட்டம் கூடிவிடும். முட்டையும் மீனும், தௌபுவாகவும் தெம்பேயாகவும் வரும் சோயாவும் தனியாகவே கூட்டத்தை நடத்தக்கூடியவை. நம் வீட்டுப் பருப்புச் சோறு ஒரு முழுமையான தீர்மானம் என்று அறிந்தபோது நானே கண்டுபிடித்ததைப்போலப் பெருமைப்பட்டேன்.

மறுநாளிலிருந்து விடிந்ததும் பசாருக்குப் போனேன். கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தெம்பே விற்கும் மலாய்க்கார அம்மாவிடம், வாழையிலையில் கட்டிய தெம்பே வேண்டும், பிளாஸ்டிக்கில் கட்டியது வேண்டாம் என்று வாதாடினேன். சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கிய அந்தத் தெம்பே எதில் கட்டியிருந்தாலும் அதன் புரதம் மாறாது. ஆனாலும் வாதாடாமல் வாங்குவது எனக்குக் கைவராத கலை. வீட்டுக்கு வந்ததும் தராசில் வைத்து நிறுத்தேன். அக்காவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு வேண்டும், எனக்கு வழக்கமானது இவ்வளவு. இரண்டையும் கூட்டி, கழிவுக்குக் கொஞ்சம் சேர்த்து, அவள் கையில் கொடுத்தேன்.

சமைத்தது அக்காதான். காலை ஊன்றி நிற்கக் கூடாது என்று கிளினிக்கில் கட்டுப் போடும் நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்தாள். அதனால் அடுப்புக்கு முன்னால் போட உயரமான முக்காலி ஒன்று வாங்கி வந்தேன். அது எனக்குப் பெரிய கருணையாகத் தோன்றியது. வந்தவர்களிடம் அந்த முக்காலியைக் காட்டியும் இருக்கிறேன்.

பகல் பன்னிரண்டரைக்கு எனக்குச் சாப்பாடு. அலுவலகத்தில் பிடித்த பழக்கம், ஓய்வு பெற்றும் விடவில்லை. நான் உட்காருவேன், அக்கா பரிமாறுவாள்.

"நீயும் உக்காரேன் அக்கா."

"நீ சாப்பிடு தம்பி. நான் ரசத்த எறக்கிட்டு வரேன்."

ரசம் எப்போதும் இறங்கும் நிலையிலேயே இருந்தது. நான் இரண்டாவது தடவை கேட்பேனோ மாட்டேனோ என்று பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"தெம்பே சம்பல் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு. உனக்கு இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. இன்னும் ரெண்டு வெக்கட்டுமா?"

"வை."

உனக்கு இருக்கிறதா என்று நான் கேட்டேன். அதை இங்கே அழுத்திச் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் பதில் வருவதற்குள் தட்டை நீட்டியிருந்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சாப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. நெத்திலியும் நிலக்கடலையும் போட்ட பிரட்டல், முட்டைக் குழம்பு, பருப்பில் கீரை. என் மனைவி இருந்தபோதுகூட இவ்வளவு வகையாகச் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு தூக்கம். எழுந்தால் பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். திட்டம் ஒழுங்காக நடக்கிறது என்பதற்குக் காலிப் பானை போதுமான சான்றாக இருந்தது.

பல வாரங்கள் கழித்து இருவருக்கும் ஒரே நாளில் இரத்தம் எடுத்தார்கள். எனக்கு இரத்த அழுத்தத்துக்கான வழக்கமான பரிசோதனை, அவளுக்குப் புண்ணுக்காக. முடிவு கேட்கப் போனபோது இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் முதலில் என்னுடையதைப் பார்த்தாள்.

"அங்கிள், டிப்டாப்பா இருக்கீங்க. இரத்தத்துல அல்புமின், அதான் புரோட்டீன், நல்லா ஏறியிருக்கு. போன தடவை நாற்காலியப் புடிச்சுக்கிட்டு எழுந்தீங்க, இப்ப சும்மாவே எழுந்திருக்கீங்க. என்ன சாப்பிடுறீங்க?"

கேட்டிருக்கக் கூடாது. ஒன்பது உறுப்பினர், லைசின், மெத்தியோனின், கூட்டம், தீர்மானம் எல்லாவற்றையும் சொன்னேன். வாழையிலைத் தெம்பேயையும் விடவில்லை. வாசலில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தம்பி மேடையில் பேசுவதைக் கேட்பது போன்ற சிரிப்பு.

டாக்டர் அடுத்த தாளை எடுத்தாள். அவள் முகம் மாறியது.

"ஆன்ட்டிக்குக் கொறைஞ்சுதான் இருக்கு. முன்ன இருந்ததவிடக் கொறைச்சல். ரெண்டு பேரும் ஒரே வீட்ல சாப்பாடா?"

"ஒரே பானை, டாக்டர்."

"அப்புறம் எப்படி?" அவள் யோசித்தாள். "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா நான் எழுதிக் குடுத்துடுவேன் அங்கிள். காத்திருக்க முடியாது."

திரும்பும் வழியில், வாடகைக் காரின் பின்சீட்டில், நான் விசாரணையைத் தொடங்கினேன்.

"நீ எனக்குத் தெரியாம ஏதோ சாப்பிடுற."

"என்னத்த?"

"கூவேப் பலகாரம். டின் பால். நான் தூங்குனதும் பிஸ்கட்டுல வயித்த ரொப்பிக்கிட்டு, சோத்த ஒதுக்கிடுற. சத்து எப்படி சேரும்?"

"எந்தக் கூவே தம்பி? இந்தக் காலோட நான் எங்க போயி வாங்குவேன்? பறந்தா போவேன்?"

"கீழ் வீட்டுக்காரங்க குடுப்பாங்க."

காரோட்டி ஒரு தமிழன். கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வானொலியின் சத்தத்தைக் கூட்டினான். அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்படியே, சண்டைக் குரலில் இல்லாமல், எனக்குச் சமாதானம் சொல்வதைப்போலச் சொன்னாள்: "என் ஒடம்பு வாகு அப்படி. சாப்பாட்டு மேல தப்பில்ல. நீ பாடுபட்டு வாங்கிட்டுத்தான் வர்ற. எனக்கு ஒட்டல."

 குற்றம் செய்தவர்கள் பொதுவாக இப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் துறையில் முன்னறிவிப்பு இல்லாத சோதனை என்று ஒன்று உண்டு. போகப்போவதில்லை என்று நம்பவைத்துவிட்டுப் போவது. மறுநாள் சாப்பிட்டு முடித்ததும் தூங்கப் போகவில்லை. பராமரிப்புக் குழுவைப் பார்க்கக் கீழே போவதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் கீழே உலாவிவிட்டு, மறந்துவைத்த மூக்குக் கண்ணாடியை எடுக்க வந்ததுபோலத் திரும்பினேன். கண்ணாடியை முன்கூட்டியே கட்டிலில் வைத்திருந்தேன். சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினேன். அறுபதைத் தாண்டியவன், சொந்த வீட்டுக்குள், சர்க்கரை நோய்க்கார அக்காவை டின் பாலும் கையுமாகப் பிடிக்கப் பூனை நடை நடந்தேன்.

அவள் சமையலறையில், நான் வாங்கித்தந்த முக்காலியில், கட்டுப்போட்ட காலை ஒரு பிளாஸ்டிக் வாளியின் விளிம்பில் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் கொஞ்சம் சோறு. சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்காக அளந்து போட்ட சோறு. அதன்மேல் முட்டைக் குழம்பின் குழம்பு மட்டும். மடியில் தெம்பே சம்பல் செய்த வாணலி. அதன் அடியில் ஒட்டியிருந்த மசாலாவை ஒரு பிடி சோற்றால் துடைத்துத் துடைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். தெம்பே ஒரு துண்டுகூட இல்லை. கடைசி இரண்டு துண்டுகளை நான்தான் "வை" என்று சொல்லி வாங்கியிருந்தேன். பருப்புப் பாத்திரத்தில் மேலே தெளிந்த தண்ணீர் மட்டும் இருந்தது. கெட்டியானதை முதலிலேயே எனக்குப் போட்டுவிடுவாள். தம்பிக்குத் தண்ணியாக இருந்தால் பிடிக்காது.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

"என்ன தம்பி, இன்னும் கொஞ்சம் சோறு வேணுமா? மோரு இருக்கு."

"முட்டை எங்க?"

"ரெண்டையும் நீதானே சாப்பிட்ட. நல்லா இருக்குன்னு சொன்னியே."

"ஒண்ணு உனக்கு."

"பரவால்லலா. கொழம்புல எறங்கியிருக்கும் சத்து."

இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் அவித்த முட்டையைத் தையல் நூலால் இரண்டாக அறுப்பார்கள். பாதி அண்ணனுக்கு, பாதி எனக்கு. அக்காவுக்கு முட்டை கிடந்த குழம்பு. சத்தெல்லாம் குழம்பில் இறங்கிவிடும் என்று அம்மா சொல்வார். அந்தத் தத்துவத்திலேயே அவள் வளர்ந்தாள், பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள், முதுமையும் அடைந்தாள். லைசின் குழம்பில் இறங்காது என்று எனக்குத் தெரியும். அது யார் வயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் எழுதிய தணிக்கைக் குறிப்புகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: பொருள் வழங்கப்பட்டதற்கு ஆதாரம் உண்டு, உரியவர் பெற்றதற்கு ஆதாரம் இல்லை. இந்த ஒரு வாக்கியத்தால் எத்தனையோ விடுதிக் காப்பாளர்களைத் தலைகுனிய வைத்திருக்கிறேன். விடுதிப் பிள்ளைகளின் முட்டையைத் தின்ற ஒருவர் என் மேசைக்கு முன்னால் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. அவருக்காவது அது யாருடைய முட்டை என்று தெரிந்திருந்தது.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.  முந்தின நாள் காரில் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று விளக்க வேண்டும். விளக்கினால் இனிமேல் எனக்குப் போடுவதை எப்படி மறைப்பது என்று அவள் யோசிப்பாள். இப்படி ஒரு காரணத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வாய் வரவில்லை.

மறுநாள் விதியை மாற்றினேன். முதலில் அவள் சாப்பிட வேண்டும், பிறகுதான் நான். அவளை உட்காரவைத்து நானே பரிமாறினேன். சோறு, கெட்டிப் பருப்பு, மீன், முட்டை. எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

"என்ன தம்பி, பரீச்சைக்கு உக்காந்த பிள்ளையப் பாக்குற மாதிரி பாக்குற?"

"சாப்பிடு."

"நீ பசியோட உக்காந்திருக்க, எனக்கு எப்படித் தொண்டையில எறங்கும்?"

நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை. அடம் இல்லை, நடிப்பும் இல்லை. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அடுத்த நாள் சேர்ந்து சாப்பிட்டோம். தண்ணீர் குடிக்க நான் தலையைத் தூக்கி இறக்குவதற்குள் அவள் தட்டிலிருந்த மீன் நடுத்துண்டு என் தட்டில் இருந்தது. திருப்பி வைத்தேன். தொலைபேசி மணி அடித்ததும் திரும்பினேன். மீன் மறுபடி என் தட்டுக்கு வந்திருந்தது. அந்த விரல்களின் வேகத்தை என் துறையில் எந்தக் காசாளரிடமும் நான் கண்டதில்லை.

மிஞ்சியது ஒரே வழி. வீட்டில் சாப்பிட ஆம்பிளை இருக்கக் கூடாது.

"இனிமே மத்தியானம் நான் வெளிய சாப்பிட்டுக்கிறேன் அக்கா. பென்சன்காரங்க சிலர் சேர்ந்து காப்பிக் கடையில சாப்பிடுறோம். எனக்கு எடுத்து வெக்காத. வெச்சா கெட்டுப் போகும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என் சமையல் சலிச்சுப் போச்சா?"

இல்லை என்று சொன்னால் வெளியே போகக் காரணம் இல்லை.

"கொஞ்சம் மாத்தமா இருக்கட்டுமேன்னு."

அப்படிப் பென்சன்காரர்கள் யாரும் இல்லை. தினமும் காப்பிக் கடையில் பரோட்டா மாதிரியான இரண்டு ரொட்டிச் சானாயைத் தின்றுவிட்டு, கீழ்த்தளத்துச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மேலே அவள் தனியாக இருந்தாள். பானையில் இருந்ததைத் தள்ளிவிட ஆள் இல்லை. வீணாக்க அவளுக்கு மனம் வராது. அதனால் சாப்பிட்டாள். சமையலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, அதே முக்காலியில் உட்கார்ந்துதான் சமைத்தாள். நான் பெரிதாக வற்புறுத்தவும் இல்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் உண்டு. அவர் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்ன அண்ணே, வீட்ல சோறு போடலையா? தெனம் இங்க காவலுக்கு உக்காந்திருக்கீங்க."

"காத்து வாங்குறேன்."

"காத்து மேல இன்னும் நல்லா வரும்லா." பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிக் கஷ்டப்பட்டாங்க. கால் நோவோட சமைக்கிறேன், தம்பிக்கு என் கைச்சோறு பிடிக்கலைன்னு. நமக்குன்னு இருக்கிறது ஒரு அக்கா. கொஞ்சம் உப்புக் கொறைச்சலா இருந்தாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே அண்ணே."

"பண்ணிக்கணும்தான்," என்றேன்.

உப்புக் குறைச்சலே இல்லை என்று சொல்ல நினைத்தேன். அவர் முகத்தில் இருந்த இளக்காரத்துக்கு நான் முழுத் தகுதி உடையவன்தான். குற்றச்சாட்டு மட்டும் வேறு. தீர்ப்புச் சரியாக இருக்கும்போது குற்றச்சாட்டைத் திருத்தச் சொல்லி மனுப்போடுவது அற்பம். 

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது புண்ணின் ஓரங்கள் உள்நோக்கிச் சுருங்கி, நடுவில் சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "இப்ப ஏறுது," என்றாள். "ஹாஸ்பிட்டலுக்கு எழுத வேணாம். விரல் இருக்கட்டும். ஆன்ட்டி, இப்ப என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணும் மாத்தல டாக்டர். அதே சாப்பாடுதான். தம்பி இப்ப வெளிய சாப்பிடுது, நான் ஒத்தையா உக்காந்து எல்லாத்தையும் முழுங்கிடுறேன். ஆளு இல்லாத வீட்ல என்னத்த மிச்சம் வெக்கிறது?"

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த மிஸ்ஸி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கீழ் வீட்டுக்காரரின் அதே பார்வை, அச்சு மாறவில்லை. டாக்டரும் பார்த்தாள். அவள் பார்வை வேறு மாதிரி இருந்தது. ஒரே பானை என்று நான் பெருமையாகச் சொன்னதும், அந்த நீண்ட உரையும் அவளுக்கு நினைவிருந்திருக்க வேண்டும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளில் எதையோ எழுதினாள். சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புண் முழுவதும் மூடிய வாரத்தில் அக்கா கேட்டாள்.

"இன்னிக்காவது வீட்ல சாப்பிடேன் தம்பி. உனக்குப் பிடிச்ச முட்டைக் கொழம்பு வெச்சிருக்கேன்."

உட்கார்ந்தேன். அவளையும் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தாள். இரண்டு முட்டைகளையும் தையல் நூலால் அறுத்திருந்தாள். நாலு பாதிகளும் என் தட்டுக்கு வந்தன. இரண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். குழம்பு ஊற்றிக்கொள்வதற்குள் ஒன்று திரும்பி வந்தது.

"எனக்குத்தான் காலு ஆறிடுச்சுல்ல," என்றாள். "நீதான் எளைச்சுப் போயிருக்க. கடைச் சாப்பாடு ஒடம்பக் கெடுத்துடுச்சு."

அவள் சொன்னது பொய்யில்லை. ரொட்டிச் சானாயில் கூட்டம் கூடுவதில்லை. என் கால்கள் மறுபடியும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தன. முட்டை மணத்தது. அதைத் தின்ன எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் என்னை அதிகம் வெட்கப்பட வைத்தது.

நாலு பாதிகளில் எனக்குரிய இரண்டை வேகமாகச் சாப்பிட்டேன். திரும்பி வந்த பாதியை மறுபடி அவள் தட்டில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"என்ன தம்பி, அதுக்குள்ள?"

"கீழ பெஞ்சுல கண்ணாடிய மறந்து வெச்சுட்டேன். யாராவது எடுத்துடுவாங்க. நீ சாப்பிடு."

கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். உள்ளே அவள் தன் தட்டை மேசையில் இழுத்துக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை நின்றேன்.